சிரமதானமும் பரிசுக் கோப்பையும்

ஊருக்குப் பொதுவான குளத்தையோ வீதியையோ, கூலி கேளாமல், ஊராரே மண்வெட்டி பிடித்துச் சீர்செய்யும் வழக்கம் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் பொதுச் சொத்து. அதற்குச் சிரமதானம் என்று வழங்கும் பெயரும் ஒன்றே. அதனை நம் காலத்தில் ஓர் இயக்கமாக வளர்த்தவர்கள் குருவாகக் கொண்டதும் காந்தியடிகளையே. ஆயினும் பாக்கு நீரிணையின் இரு கரைகளிலும் அது இரு வேறு சுபாவங்களைப் பெற்றிருக்கிறது. இலங்கையில் அது பெரும்பாலும் கொடையாகவே நிலைத்தது. இந்தியாவில், விசேஷமாக மகாராஷ்டிரத்தில், நாள் குறித்து, மதிப்பெண் இட்டு, இலட்சக் கணக்கில் பரிசளிக்கும் போட்டியாகவும் உருவெடுத்தது.

1958ஆம் ஆண்டு டிசம்பரில், கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியர் ஏ. டி. ஆரியரத்ன, தம் மாணவர்களை அழைத்துக்கொண்டு, ரொடியர் என்று ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த மக்கள் வாழ்ந்த கனத்தொலுவ என்னும் குருநாகல் மாவட்டத்துக் கிராமத்துக்குச் சென்று, அவர்களோடு தங்கி, உண்டு, உடல் உழைத்தார். சர்வோதய சிரமதான இயக்கத்துக்கு அதுவே வித்து. பின்னர் ஆயிரக்கணக்கான கிராமங்களுக்குப் பரவிய அவ்வியக்கத்தின் முகாம்களில், பாதை வெட்டுவதற்கு எவ்வளவு முக்கியத்துவம் உண்டோ அவ்வளவு முக்கியத்துவம், வந்தவர்களும் ஊராரும் ஒரே தரையில் கூடியமர்ந்து பேசும் குடும்பக் கூட்டத்துக்கும் உண்டு. தானம், பிரிய வசனம், அர்த்த சரியை, சமானாத்மதை என்னும் நான்கும் அங்கே நடைமுறை ஒழுக்கம். மனிதனுக்குரிய அடிப்படைத் தேவைகள் பத்து என வகுத்த அவ்வியக்கம், தூய்மையும் அழகும் உடைய சுற்றுப்புறத்தையே முதலாவதாக வைத்தது. ஒரு கிராமத்தின் வளர்ச்சிக்கு ஐந்து படிகளையும் அது நிர்ணயித்தது. ஆனால் எந்த ஊர் முதலிடம், எந்த ஊர் இரண்டாமிடம் என்ற கணக்கு அப்படிகளில் இல்லை. ஐந்தாம் படியில் நிற்கும் ஊர் செய்ய வேண்டியது, தான் பெற்றதை அயலூரோடு பகிர்வதுதான்.

யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் இதே காரியம் சனசமூக நிலையங்களின் வாயிலாக நடக்கிறது. காலையில் பத்திரிகை வாசிக்கும் அதே மண்டபத்தில் கூடித்தான், கோயில் கொடியேற்றத்துக்கு முன் ஒழுங்கையைத் துப்புரவு செய்வதும், மாரி மழைக்குப் பின் டெங்கு நுளம்பு பெருகாமல் வாய்க்காலையும் வெற்றுக் காணிகளையும் பார்ப்பதும் தீர்மானமாகின்றன. போரினால் இடம்பெயர்ந்து பல்லாண்டுகளுக்குப் பின் வலிகாமம் வடக்குக்குத் திரும்பிய குடும்பங்கள், பற்றைக்குள் மறைந்துபோன தம் ஒழுங்கைகளையும் தூர்ந்த கிணறுகளையும் அயலவரின் கைகளைத் துணைகொண்டே மீட்டெடுத்தன. அந்த உழைப்புக்கு மதிப்பெண் இட எவரேனும் முன்வந்திருந்தால், அது அவர்களுடைய துயரத்தை அவமதித்ததாகவே முடிந்திருக்கும் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

மகாராஷ்டிரத்தின் கதை வேறு. கையில் துடைப்பமும் மண்பாத்திரமுமாக ஊர் ஊராய்ச் சென்று, பகலில் தெருவைக் கூட்டி, இரவில் கீர்த்தனம் செய்த காட்கே மகாராஜ் 1956இல் மறைந்தார். அவர் பெயரால் 2000–01இல் அம்மாநில அரசு கிராமத் தூய்மைப் போட்டியொன்றைத் தொடங்கியது. பரிசொன்றும் வேண்டாத ஒரு துறவியின் பெயரால் பரிசு வழங்குவதா என்று முதலில் மனம் தயங்கும். ஆனால் பரிசுத் தொகையைவிட அதிக மதிப்புள்ள உழைப்பைப் பல ஊர்கள் மனமுவந்து ஈந்தன என்பதையும், பரிசு எட்டாத ஊர்களிலும் தெருவும் வடிகாலும் மிஞ்சின என்பதையும் நோக்குமிடத்து, அத்தயக்கம் பெரிதும் நீங்குகிறது.

2016இல் நடிகர் ஆமிர் கான் முதலியோர் நிறுவிய பானி ஃபவுண்டேஷன், மூன்று தாலுகாக்களைச் சேர்ந்த 116 கிராமங்களைக் கொண்டு நீர்க்கோப்பைப் போட்டியை ஆரம்பித்தது. இரண்டே ஆண்டுகளில் அது 75 தாலுகாக்களாக விரிந்தது. வறட்சி நெஞ்சை உலர்த்தும் ஏப்ரல், மே மாதங்களில் 45 நாட்கள்; அதற்குள் மலைச்சரிவில் சமமட்ட அகழிகள் வெட்ட வேண்டும், தடுப்பணை கட்ட வேண்டும், வீடுதோறும் உறிஞ்சுகுழி அமைக்க வேண்டும், மரக்கன்றுக்கு நாற்றங்கால் போட வேண்டும். ஒவ்வோர் ஊரிலிருந்தும் ஆண்களும் பெண்களும் முன்னதாகப் பயிற்சி பெற்றார்கள்; தோண்டிய மண் கன மீட்டரில் அளக்கப்பட்டது. வெயிலுக்கு அஞ்சிய ஊர்கள் இரவில் விளக்கேற்றிக்கொண்டு தோண்டின. மே 1ஆம் நாள் புணே, மும்பை நகரவாசிகளும் வந்து கூடைகளைச் சுமந்தார்கள். முதலாண்டு சாதாரா மாவட்டத்து வேளு கிராமம் 50 இலட்சம் ரூபாயைப் பெற்றது. தேர்தல் பகைமையால் பல ஆண்டுகளாக ஒன்றாக உட்காராத இரு கட்சியினரையும் ஒரே சரிவில் கடப்பாரையோடு நிறுத்தும் வல்லமை, அறிவுரைக்கு இல்லாவிடினும் பக்கத்து ஊரை வெல்ல வேண்டும் என்ற வேட்கைக்கு உண்டு. போட்டியை நான் மதிப்பது இதற்காகவே.

எனினும் போட்டிக்கு ஒரு முடிவுநாள் உண்டு, சாக்கடைக்கு இல்லை. மத்திய அரசின் நிர்மல் கிராம விருது 2005இல் 40 ஊராட்சிகளுக்கு மட்டும் வழங்கப்பட்டுச் சில ஆண்டுகளில் ஆயிரக்கணக்கில் பெருகியபோது, விருது பெற்ற ஊர்கள் பலவற்றில் கழிப்பறைகள் பாழடைந்து, மக்கள் மீண்டும் வெளிக்குச் செல்லலாயினர். நீர்க்கோப்பையிலும், தேக்கிய நீர் கரும்புக்கே போய்விட்டால் அகழி வெட்டிய பிரயாசை யாருக்காக என்ற கேள்வி எழுந்தது. அப்போட்டியை நடத்தியவர்கள் இதனை அலட்சியம் செய்யவில்லை. 2020இல் தொடங்கிய சம்ருத்த கிராமப் போட்டியை ஒன்றரை ஆண்டுக்கு வகுத்து, கிடைத்த நீரை எப்படிச் செலவிடுவது என்ற திட்டத்துக்கும் மதிப்பெண் வைத்தார்கள். இதே மாநிலத்தில் ஹிவரே பஜார், 1989இல் போபட்ராவ் பவார் தலைமைக்கு வந்த பின், எந்தக் கோப்பையையும் நோக்காமல் சிரமதானத்தோடு கரும்புக்கும் ஆழ்துளைக் கிணற்றுக்கும் கட்டுப்பாடு விதித்துக்கொண்டு செழித்த ஊர். அதன் பலம் தோண்டியதில் மட்டும் இல்லை. தோண்டிய பின் தன்னை அடக்கிக்கொண்டதிலும் இருந்தது.

இலங்கைப் பக்கத்துக் குறையும் சிறிதன்று. சனிக்கிழமை காலையில் துப்புரவாக்கிய வாய்க்கால் அடுத்த மாரிக்குள் மீண்டும் அடைபட்டால், அதை எவரும் குறித்து வைப்பதில்லை. கொடுத்தவருக்குத் திருப்தி கிடைக்கிறது, வாய்க்காலுக்கோ காவல் கிடைப்பதில்லை. மகாராஷ்டிரத்தாரின் அளவுகோலை மட்டும், பரிசுப் பணமின்றி, யாழ்ப்பாணத்துச் சனசமூக நிலையங்கள் இரவல் வாங்கலாம்: எத்தனை மதகு திறந்தது, எத்தனை கிணறு இறைத்தது, ஆறு மாதம் கழித்து அவை எந்த நிலையில் உள்ளன என்று நிலையத்துச் சுவரில் எழுதிவைத்தாலே போதும்.

இந்தியப் போட்டியினர் இலங்கையிடமிருந்து வாங்கத்தக்கது அந்த ஐந்தாம் படி. முதற்பரிசுத் தொகையில் பாதியை வென்ற ஊர் உடனே பெறட்டும். மற்றப் பாதி, அவ்வூரார் தோற்ற அயலூர் ஒன்றுக்குத் தம் ஆட்களையும் கருவிகளையும் அனுப்பி, அங்கே ஒரு கோடை முழுவதும் உடன்நின்று உழைத்த பின்னரே கைக்கு வரட்டும். இவ்விதிக்கு யார் இணங்குவார் என்று கேட்கலாம்; 45 நாட்கள் இரவிலும் மண் சுமந்தவர்கள் இணங்க மாட்டார்கள் என்று நான் நம்பவில்லை.