யாருடைய இசைவு? தடுத்தாட்கொண்ட புராணத்தின் ஆளோலை வழக்கு

பெரியபுராணத்தின் தடுத்தாட்கொண்ட புராணத்தில் இடம்பெறும் ஆளோலை வழக்கு, சோழர்கால நீதிமுறைக்குச் சான்றாகவே ஆய்வுகளில் பெரிதும் எடுத்தாளப்படுகிறது. ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்னும் மூவகைச் சான்றுகள், மூல ஓலைக்கும் படியோலைக்கும் உள்ள வேறுபாடு, கையெழுத்தை ஒப்புநோக்கும் முறை ஆகியவை அவ்வாய்வுக்கு வளமான தரவுகள். சமயநோக்கில் பயில்வோர்க்கோ இது இறைவனின் திருவிளையாட்டு; தீர்ப்பு முன்னரே முடிந்த ஒன்று. இவ்விரு வாசிப்புகளும் ஒரு வினாவைத் தொடாமலே கடந்துவிடுகின்றன. ஒருவன் தன்னைப் பிறர்க்கு உடைமையாக எழுதிக்கொடுக்கலாம். இன்னும் பிறவாத பேரனையும் சேர்த்து எழுதிக்கொடுக்கும் உரிமை அவனுக்கு எங்கிருந்து வந்தது?

புத்தூரில் சடங்கவி சிவாசாரியாரின் மகளை மணக்க அமர்ந்திருந்த நம்பி ஆரூரரை, முதிய வேதியர் ஒருவர் வந்து தம் அடிமை என்கிறார். ஆரூரர் ஓலையைப் பறித்துக் கிழிக்கிறார். வழக்கு வெண்ணெய்நல்லூர் அவையை அடைகிறது. அங்கு எழும் முதல் தடை மரபு பற்றியது: அந்தணர் பிற அந்தணர்க்கு அடிமையாகும் வழக்கம் நாட்டில் இல்லை. மணப்பந்தரில் ஆரூரர் எழுப்பியதும் இதே தடைதான். அடிமைமுறை தகாதது என்னும் எண்ணம் இருதரப்பார்க்கும் இல்லை. இக்குலத்தார்க்கு அது பொருந்தாது என்பதே அவர்கள் கூற்று. சேக்கிழாரின் காலத்தை வைத்து நோக்கின் இதில் வியப்பில்லை. தம்மையும் தம் வழித்தோன்றல்களையும் கோயிலுக்கு விற்றுக்கொண்டோரைப் பிற்காலச் சோழர் கல்வெட்டுகள் காட்டுகின்றன. ஒப்புதல் ஆவணத்திற்கு இசைவுத்தீட்டு என்று பெயரும் அவற்றிலேயே கிடைக்கிறது.

ஓலை பாட்டனார் ஒப்பி எழுதியது என்று முதியவர் கூறியதும் அவையின் போக்கு மாறுகிறது. ஆவணத்தைக் கிழித்ததால் வழக்கு வென்றதாகுமா என்று அது ஆரூரரை வினவுகிறது. அவ்விடத்தில்தான் ‘இசைவு’ என்னும் சொல்லைச் சேக்கிழார் அவையோர் வாயில் வைக்கிறார். அச்சொல் குறிப்பது பாட்டனாரின் இசைவை. அதன்பின் அவை ஆராய்வதெல்லாம் எழுத்து மெய்யா என்பதையே. மேலெழுத்திட்டோர் தத்தம் எழுத்தை நோக்கி ஒக்கும் என்கின்றனர். பாட்டனாரின் வேறொரு கையெழுத்து வருவிக்கப்பட்டு ஒப்பிடப்படுகிறது. ஓலை மெய்யானால் அதில் எழுதியதும் செல்லும் என்று அவை ஒரே தாவலில் முடிவு செய்துவிடுகிறது. இரண்டும் வேறு வேறு வினாக்கள் என்பதை அவையில் எவரும் சொல்லவில்லை.

தீர்ப்பைக் கேட்ட ஆரூரரின் விடையில் அதே வேர்ச்சொல் திரும்ப வருகிறது. விதி இதுவானால், ‘இசையேன்’ என்று தாம் சொல்லுவது ‘இசையுமோ’ என்கிறார் அவர். முன்னது உடன்படாமை, பின்னது பொருந்துதல். உடன்பட மறுப்பதே பொருந்தாததாகிவிட்ட ஒருவரின் நிலை இவ்விரு சொற்களில் அடங்கியிருக்கிறது. இதனை ஓசைநயத்திற்காக வந்த மடக்கு என்று ஒதுக்குதல் கூடாது. அவையோர் பாட்டனார்க்கு உரியதாகக் கூறிய இசைவை, பேரன் தன் பெயரில் தேடிக் காணாமல் நிற்கும் இடம் அது.

சுந்தரர் பாடிய முதற் பதிகத்தில் ஓலை பற்றிய பேச்சு இல்லை. ஆனால் ஒவ்வொரு பாடலும், ஆளான பின் இனி இல்லை என்று மறுக்கலாகுமோ என்னும் வினாவில் முடிகிறது. பதிகத்தில் அன்பின் வினாவாக இருப்பதைச் சேக்கிழார் அவையில் தோற்றவரின் வினாவாக முன்னரே ஒருமுறை ஒலிக்கச் செய்துவிடுகிறார். இடையில் நிகழ்ந்தது ஒன்றே: அருட்டுறைக் கோயிலில் இறைவன் தோன்றி, ஆரூரர் முன்பே தம் தொண்டர் என்பதை உணர்த்துகிறார். தடுத்தாட்கொள்ள வேண்டும் என்று கயிலையில் ஆலாலசுந்தரர் தாமே வேண்டியதைத் திருமலைச் சிறப்பில் படித்தவர் அறிவர். ஆக, ஆட்பட்டவரின் இசைவு காப்பியத்தில் உண்டு. அவையின் ஆவணத்தில் அது இல்லை. பாட்டனாரின் ஓலையே போதும் என்று சேக்கிழார் கருதியிருந்தால் கயிலை வேண்டுகோளுக்குக் கதையில் தேவையே எழுந்திராது. வழக்கை வென்ற சான்று ஒன்று. அதனை நெறிப்படுத்தும் சான்று வேறொன்று. எனினும் கயிலை இசைவை ஆரூரர் மறந்தே அவையில் நிற்கிறார். மறந்த இசைவு எவ்வளவு தூரம் ஒருவரைக் கட்டும் என்பதைக் காப்பியம் வாதிட்டு நிறுவுவதில்லை, பாடலுக்குள் கரைத்துவிடுகிறது.

இவ்வழக்கால் மணம் நின்றுபோன பெண் ஆரூரரையே நினைந்து வாழ்ந்து சிவலோகம் அடைந்தாள் என்று சுருக்கமாகச் சொல்லிச் செல்கிறார் சேக்கிழார். சடங்கவியின் மகள் என்றே அவள் குறிக்கப்படுகிறாள். அவளுடைய இசைவை மணப்பந்தரிலும் அவையிலும் எவரும் கேட்டதாகப் புராணத்தில் இல்லை.