லியொனார்டோவின் பத்து பாயிண்ட்

போன மாதம் எங்கள் ப்ராஜெக்ட்டை மூடிவிட்டார்கள். பதினாலு வருஷம் கழித்து ரெஸ்யூமேயைத் தூசி தட்ட வேண்டிய நிலை. விஷயம் தெரிந்த நண்பர்கள் ஆளுக்கொரு அறிவுரை அனுப்பினார்கள். அதில் மூணு பேர் அனுப்பியது ஒன்றேதான்: "உலகின் முதல் ரெஸ்யூமே" என்று வாட்ஸப்பில் சுற்றிக்கொண்டிருக்கும் லியொனார்டோ டா வின்சியின் கடிதம். வேலையில்லாதவனுக்கு நேரத்துக்கா பஞ்சம்? மொழிபெயர்ப்பைத் தேடி முழுசாகப் படித்தேன். இதை மாதிரியாகக் காட்டுகிறவர்கள் கடைசி வரை படித்தார்களா என்று சந்தேகம் வந்துவிட்டது.

பின்னணி இதுதான். 1482 வாக்கில் லியொனார்டோ ப்ளாரன்ஸை விட்டு மிலானுக்குப் போகிறார். வயது முப்பது. மிலானில் அதிகாரம் லூடோவிகோ ஸ்ஃபோர்ஸாவின் கையில் (பட்டம் என்னவோ அண்ணன் மகனுக்கு). அவருக்கு எழுதிய விண்ணப்பம், எண் போட்டுப் பத்து பாயிண்ட். சுலபமாகத் தூக்கிப்போகும் பாலம், அகழியில் தண்ணீர் வடிக்கும் முறை, கல்மழை பொழியும் பீரங்கி, சத்தமில்லாமல் தோண்டும் சுரங்கம், மூடிய போர்வண்டி, கடற்போர்க் கருவிகள்... ஒன்பது வரைக்கும் யுத்தம்தான். பத்தாவதில்தான் சமாதான காலத்துக்கு வருகிறார். கட்டடம் கட்டுவேன், தண்ணீரை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோவேன் என்கிறார். அதன் வாலில், சிற்பமும் செய்வேன், ஓவியத்திலும் யாருக்கும் சளைத்தவனில்லை என்று ஒட்டுகிறார். அதோடு, லூடோவிகோவின் அப்பா நினைவாக ஒரு வெண்கலக் குதிரையும் வார்க்கலாம்.

இந்த வரிசையை எல்லாரும் புகழ்கிறார்கள். நானும் புகழ்வேன். மிலான் அப்போது வெனிஸுக்கு எதிரான ஃபெராரா யுத்தத்தில் இறங்கியிருந்தது. படிக்கிறவருக்கு என்ன தலைவலியோ, அதிலிருந்து ஆரம்பிக்கிறார். இன்னொன்று, கருவியின் பெயரோடு நிறுத்தாமல் அதனால் என்ன நடக்கும் என்றும் சொல்கிறார். நான் இன்டர்வ்யூ எடுக்க உட்கார்ந்தபோது கையில் வந்த ரெஸ்யூமேக்களில் ஜாவா, பைதான், டாக்கர் என்று நீளப் பட்டியல் இருக்கும், பக்கத்தில் அஞ்சுக்கு நாலு ஸ்டார். ஸ்டார் கொடுத்தது யார்? அவரேதான்! கடைசியில் "மேற்கண்டவை உண்மை" என்று ஒரு உறுதிமொழி. என்னுடையதும் அப்படித்தான் இருந்தது, மறைப்பானேன்.

ஆனால் கடிதத்தின் ஓட்டை பெரிசு. பத்து பாயிண்ட்டில் ஒன்றில்கூட "இன்ன ஊரில் இதைச் செய்தேன்" என்று இல்லை. எல்லாமே செய்வேன், செய்ய முடியும். வெரோக்கியோவின் பட்டறையில் பயின்ற ஓவியர் அவர். 1481-இல் ஒப்புக்கொண்ட 'ஞானிகளின் வழிபாடு' ஓவியத்தையே முடிக்காமல் விட்டுவிட்டுத்தான் மிலானுக்குக் கிளம்பினார். இன்று எங்கள் டேபிளில் இது வந்தால் முதல் கேள்வி, "இது எந்த ப்ராடக்‌ஷன்ல ஓடுது?"

அதற்கு அவரிடம் ஒரு பதில் இருக்கிறது. கடிதத்தின் முடிவில், இதில் எதுவாவது நடக்காத காரியம் என்று தோன்றினால் உங்கள் தோட்டத்திலேயோ நீங்கள் சொல்லும் இடத்திலேயோ செய்துகாட்டத் தயார் என்கிறார். மொத்தக் கடிதத்திலும் எனக்கு நம்பிக்கை தந்த இடம் அதுதான். எனக்கு வந்த மூணு ஃபார்வர்டிலும் அந்த வரியைக் காணோம்.

சரி, இந்தக் கடிதத்தால் வேலை கிடைத்ததா? நம்மிடம் இருக்கும் பிரதி மிலான் அம்ப்ரோசியானா நூலகத்தின் அட்லாண்டிகஸ் தொகுப்பில் உள்ளது. தேதி இல்லை. அவர் கையெழுத்தே இல்லை என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. அனுப்பியதற்கும் சான்று இல்லை. 1550-இல் வாழ்க்கை வரலாறு எழுதிய வசாரியோ வேறு கதை சொல்கிறார்: குதிரை மண்டையோட்டு வடிவில் வெள்ளியில் தானே செய்த லைர் வாத்தியத்தோடு, வாசித்துக்காட்டத்தான் போனாராம். வசாரி கொஞ்சம் கதை விடுகிற ஆள்தான். ஆனால் கவனியுங்கள், பத்து பாயிண்ட்டிலும் சங்கீதம் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

போன இடத்தில் பேர் வாங்கித் தந்ததும் பீரங்கி இல்லை. 1483-இல் ஒரு மதச் சங்கத்தோடு பலிபீட ஓவியத்துக்கு ஒப்பந்தம். 1490-இல் அரண்மனைக் கல்யாண விழாவுக்கு மேடை அலங்காரம். பிறகு 'இறுதி விருந்து'. குதிரைக்கு 1493-இல் பிரமாண்டமான களிமண் மாதிரி நின்றது. மறுவருஷம், அதற்கு ஒதுக்கிய வெண்கலம் பீரங்கி வார்க்கப் போய்விட்டது. ஒன்பது பாயிண்ட்டில் தான் விற்ற சரக்கே பத்தாவதில் வாயை வைத்துவிட்டது, பாவம்.

என் ரெஸ்யூமேக்கு வருகிறேன். ஸ்டார்களை எடுத்தாச்சு. ஆறு மணி நேரம் ஓடிய ஒரு இரவு ஜாபை நாற்பது நிமிஷத்துக்குக் கொண்டுவந்தேன். அது இரண்டாம் பக்கத்தில் நாலாவது வரியாகக் கிடந்தது. இப்போது முதல் வரி. செய்யாததை "தெரியும்" என்று போட்ட பதினொன்று போய்விட்டது. பட்டியல் ரொம்பச் சின்னதாகிவிட்டதில் வீட்டில் கொஞ்சம் கவலை. கீழே உறுதிமொழி இருந்த இடத்தில், "உங்களிடம் மெதுவாக ஓடும் ஒரு க்வெரியைக் கொடுங்கள், உங்கள் எதிரில் உட்கார்ந்தே சரிசெய்துகாட்டுகிறேன்" என்று எழுதியிருக்கிறேன்.

ஹெச்.ஆரில் இருக்கும் நண்பர், "இந்த வரியை எந்த சாஃப்ட்வேரும் கண்டுக்காது சார், எடுத்துடுங்க" என்றார். எடுக்கவில்லை. நாலு இடத்துக்கு அனுப்பியாச்சு. வியாழக்கிழமை ஒரு இடத்தில் வரச்சொல்லியிருக்கிறார்கள். லேப்டாப்பைக் கையோடு கொண்டுவரச் சொன்னார்கள்.