தறிக்கூடத்துக்கு எந்த பிரேக்கர்?

ஆர்.கே.பேட்டை, அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை வட்டாரத்து விசைத்தறிக் கூடங்களில் சுவிட்ச் போர்டைத் தொட்டால் விரலில் பஞ்சு ஒட்டும். மோட்டார், ஒயர், போர்டு எல்லாவற்றிலும் படியும் அந்தப் பஞ்சுக்கு ஒரு பொறி போதும். தெரிந்தவர் ஒருவரின் கூடத்தில் பாதுகாப்புக் கருவிகளை மாற்றிப் பொருத்தி, எது எதைத் தடுக்கிறது என்று பார்த்தோம்.

அங்கே ஏற்கெனவே எம்சிபி இருந்தது. ஆனால் 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயருக்கு 32 ஆம்பியர். “16 போட்டா தறியை ஆன் பண்ணும்போதே டிரிப் ஆகுதுங்க, அதான் பெருசா போட்டுட்டோம்” என்றார் உரிமையாளர். பல கூடங்களில் நடப்பது இதுதான், இது மிக ஆபத்தானது. எம்சிபி காப்பது ஒயரை. ஒயர் தாங்குவதைவிடப் பெரிய எம்சிபி போட்டால், அது டிரிப் ஆகுமுன் ஒயர் சூடேறி உருகும். மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் கரண்ட்தான் சிக்கல் என்றால் ஆம்பியரைக் கூட்டக் கூடாது, வகையை மாற்ற வேண்டும். ‘சி’ வகை, அதில் குறித்த ஆம்பியரின் 5 முதல் 10 மடங்கில் உடனே டிரிப் ஆகும். ‘டி’ வகைக்கு அது 10 முதல் 20 மடங்கு. 16 ஆம்பியர் ‘டி’ போட்டதும் தறிகள் தொல்லையின்றிக் கிளம்பின. இதற்கு எர்த் நன்றாக இருந்தாக வேண்டும்.

அடுத்தது ஆர்சிசிபி. போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் சமமாக இல்லையென்றால், கசிவு என்று உணர்ந்து இது துண்டிக்கும். மெயினில் தீத்தடுப்புக்காக 300 மில்லி ஆம்பியர், விளக்கு, பிளக் லைன்களில் ஆள் உயிருக்காக 30 மில்லி ஆம்பியர். டியூப்லைட்டைப் போட்டதுமே டிரிப் ஆனது. “பீஸே சரியில்லை” என்று இந்த இடத்தில்தான் பலர் கழற்றிவிடுகிறார்கள். போர்டைத் திறந்து பார்த்தால், அந்த விளக்குக்கு நியூட்ரலை யாரோ பக்கத்து லைனிலிருந்து எடுத்திருந்தார்கள். பிரித்துக் கொடுத்ததும் டிரிப் ஆவது நின்றது. ஓவர்லோடை ஆர்சிசிபி கவனிக்காது. எம்சிபி கூடவே இருக்க வேண்டும்.

என்னை அதிகம் ஈர்த்தது, பொறியைக் கண்டறிந்து துண்டிக்கும் ஏஎஃப்டிடி. நாள் முழுக்கத் தறி அதிர்வதால் டெர்மினல் திருகுகள் தளர்கின்றன. 5 ஆம்பியர் ஓடும் லைனில் லூஸ் கனெக்‌ஷன் பொறி கக்கினாலும் ஓடுவது அதே 5 ஆம்பியருக்குள்தான். எம்சிபிக்குச் சந்தேகம் வராது. கசிவும் இல்லாததால் ஆர்சிசிபியும் சும்மா இருக்கும். பொறி எழுப்பும் உயர் அதிர்வெண் இரைச்சலை ஏஎஃப்டிடி பிடித்துவிடும். ஐஇசி 62606 தரப்படி, 230 வோல்ட்டில் 2.5 ஆம்பியர் பொறியை 1 நொடிக்குள், 5 ஆம்பியரை அரை நொடிக்குள் துண்டிக்க வேண்டும். அமெரிக்க மின் விதிகள் இந்த வகைக் கருவியை 1999லேயே படுக்கையறைக்குக் கேட்டன. தார் சுற்றும் மெஷின் லைனில் பொருத்தி, அதே லைனில் கார்பன் பிரஷ் பொறி பறக்கும் டிரில்லிங் மெஷினை ஓட்டினோம். ஏமாந்து டிரிப் ஆகவில்லை. அருமை.

ஆனால் நாங்கள் பொருத்தியது சிங்கிள் பேஸுக்கானது. த்ரீ பேஸ் தறி மோட்டாருக்கு ஓவர்லோடு ரிலேயும் சிங்கிள் பேஸ் பிரிவென்ட்டரும்தான் துணை. எல்இடி விளக்கு லைனில் 2.5 ஆம்பியரே, அதாவது 575 வாட்டே, ஓடாது. அங்கே இதற்குச் செலவழிப்பது வீண். பொறியே இல்லாமல் கனன்று சூடேறும் இணைப்பும் இதன் கண்ணில் படாது. ஆர்சிசிபியைவிட விலையும் பல மடங்கு.

ஆகவே முதலில் ஒயருக்கேற்ற எம்சிபி, பிறகு ஆர்சிசிபி. இரண்டிலும் ஐஎஸ்ஐ முத்திரை பார்த்து வாங்குங்கள். தொழிலாளிகள் இரவில் அங்கேயே தூங்கும் கூடமென்றால் ஏஎஃப்டிடிக்கும் தயங்காமல் பணம் போடுங்கள். டெல்லி அனாஜ் மண்டியில் 2019 டிசம்பர் 8 அதிகாலை, ஷார்ட் சர்க்யூட்டால் என்று கருதப்பட்ட தீயில் இறந்த 43 பேரில் பெரும்பாலோர் வேலை செய்த கட்டடத்திலேயே தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளிகள்.

எதை வாங்கினாலும், பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்தும் நாளில் மெயினையும் அணைத்துவிட்டு, எலக்ட்ரீசியனை வைத்து போர்டின் பஞ்சை உறிஞ்சி எடுத்து, ஒவ்வொரு திருகையும் முடுக்கச் சொல்லுங்கள்.