நாடகம் பார்ப்பதும் கதைப்பதும்: யாழ்ப்பாணமும் சென்னையும்

சென்னையில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தபோது அவருடைய சிநேகிதி ஒருவர் கேட்டார்: "உங்க ஊர்ல உங்களுக்குன்னு ஒரு சீரியல்கூட இல்லையாமே? எங்க சீரியலைத்தான் பார்க்குறீங்களாமே?" அவர் சாதாரணமாகக் கேட்டிருக்கலாம். எனக்குச் சுருக்கென்றது. விருந்தாளியாகப் போன வீட்டில் வாதாடக் கூடாது என்று பேசாமல் இருந்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் உண்டு.

அவர் சொன்னதில் பாதி உண்மை. 'சித்தி', 'மெட்டி ஒலி', 'கோலங்கள்' தொடங்கி அண்மைய 'சிறகடிக்க ஆசை' வரை எங்கள் வீடுகளில் ஓடியவை பெரும்பாலும் தமிழகத் தொடர்கள்தான். சன் டிவி 1993இல் தொடங்கியது; எங்கள் சக்தி டிவி 1998இல் வந்தது. படமெடுக்கும் வசதி, பணம், நடிகர்கள் எல்லாவற்றிலும் அவர்கள் எங்களை விடப் பல மடங்கு பெரியவர்கள். ஆனால் பார்த்த நாடகத்தைப் பற்றிக் கதைப்பது வேறு விஷயம். அதில் நாங்கள் எவருக்கும் கடன்பட்டவர்கள் அல்லர்.

சென்னையில் நான் கேட்ட பேச்சு இப்படி இருந்தது: இந்த வாரம் டிஆர்பியில் எது முதலிடம், சன் முந்தியதா விஜய் முந்தியதா, எந்த நடிகை விலகினார், 'இவருக்குப் பதில் இவர்' என்று யாரைப் போட்டார்கள், கதையை இன்னும் எத்தனை மாதம் இழுப்பார்கள். அந்தப் பேச்சிலும் ஒரு தெளிவு உண்டு, மறுக்க மாட்டேன். தொடர்கள் தயாராகிற நகரம் அது. கதைக்குப் பின்னால் நடப்பது அவர்களுக்குத் தெரிகிறது. மதுரைப் பக்கத்திலோ நாகப்பட்டினத்திலோ திண்ணையில் இருந்து பேசுகிறவர்கள் வேறு விதமாகப் பேசக்கூடும். நான் கேட்டது ஒரு மாடிக் குடியிருப்பின் மாலைப் பேச்சு.

எங்கள் பக்கம் பேச்சு நடிகரை விட்டுவிட்டு நேரே பாத்திரத்திடம் போய்விடும். 'எதிர்நீச்சல்' தொடரில் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பரில் காலமானபோது, அந்தப் பாத்திரத்துக்கு இனி யார் என்பதே சென்னையில் பெரிய பேச்சாக இருந்தது. பிறகு வேல ராமமூர்த்தி வந்தார். எங்கள் ஒழுங்கையில் மாரிமுத்துவுக்காக உண்மையாகவே கவலைப்பட்டார்கள். அடுத்த கிழமையே குணசேகரனைப் பழையபடி திட்டினார்கள். நடித்தவர் வேறு, குணசேகரன் வேறு என்பதில் அவர்களுக்குக் குழப்பமே இல்லை.

அடுத்து 'சிறகடிக்க ஆசை' ரோகிணி. முதல் திருமணத்தையும் மகன் கிரிஷையும் மறைத்து மனோஜைக் கட்டியவள். சென்னையில் இது எப்போது வெளியே வரும் என்பதுதான் கேள்வியாக இருந்தது. எங்கள் வீட்டில் பின்னேரத் தேத்தண்ணியோடு நடந்த விசாரணை இது:

"ரோகிணி செய்தது பிழைதான் மாமி. ஆனா உண்மையைச் சொல்லியிருந்தா அந்த விஜயா அவளை வீட்டுக்குள்ள விட்டிருப்பாளே?"

"அதுக்காகப் பெத்த பிள்ளையை மறைக்கிறதே? பொடியன்ரை முகத்தைப் பாக்க எனக்கு வயிறு எரியுது."

அங்கிருந்து பேச்சு மறுமணத்துக்குப் போகும். பூ விற்கிற மீனாவை மாமியார் மட்டந்தட்டுவதிலிருந்து எங்கள் ஊர்ச் சீதனத்துக்கு வரும். வெளியில் சொல்ல முடியாத பல விஷயங்களை எங்கள் பெண்கள் ரோகிணியின் பெயரிலும் மீனாவின் பெயரிலும் சொல்லிக்கொள்கிறார்கள். திரையில் 'அத்தை' என்பவள் இங்கே கதைக்குள் வரும்போது 'மாமி' ஆகிவிடுவாள். அவர்கள் சீரியல் என்பதை நாங்கள் இன்னும் நாடகம் என்றே சொல்கிறோம்.

அந்த வழக்கத்தின் பின்னால் வானொலி இருக்கிறது. 'இலண்டன் கந்தையா', சில்லையூர் செல்வராசனின் 'தணியாத தாகம்', கே. எஸ். பாலச்சந்திரனின் 'வாத்தியார் வீட்டில்' எல்லாம் எங்கள் மண்ணின் நாடகங்கள். 'கோமாளிகளின் கும்மாளம்' என்ற வானொலி நாடகம் 1976இல் 'கோமாளிகள்' என்று திரைப்படமாகவே வந்தது. அந்தக் காலத்தில் இலங்கை வானொலியைத் தமிழகத்தின் வீடுகளும் தேநீர்க் கடைகளும் விரும்பிக் கேட்டன. கடல் கடந்து போனது அப்போது எங்கள் குரல். எங்களுக்கென்று ஒன்றும் இல்லை என்பவர்கள் இதையும் அறிய வேண்டும்.

1990இல் போரோடு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. கொக்காவில் ஒளிபரப்புக் கோபுரமும் அந்த ஆண்டிலேயே அழிந்தது; புதிய கோபுரம் 2011இல்தான் எழுந்தது. பற்றரி கிடைக்காத அந்த நாட்களில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றி டைனமோவில் வானொலி கேட்டோம். சுற்றுகிறவருக்கு ஒழுங்காகக் கேட்காது. கேட்டவர்தான் பிறகு அவருக்குச் சொல்ல வேண்டும். நாடகத்தை வாயால் சொல்லும் பழக்கம் அப்படித்தான் எங்களிடம் ஊறியது.

2022இல் அது மறுபடியும் கைகொடுத்தது. மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணி நேரம்வரை போனது. பகுதிகளை ஏ, பி, சி என்று எழுத்து வாரியாகப் பிரித்து நேரம் கொடுத்தார்கள். எங்களுக்கு மின்சாரம் இல்லாத இரவில் சுன்னாகத்துச் சித்தி வீட்டில் இருக்கும். அடுத்த நாள் விடிந்ததும் தொலைபேசியில் முழுக் கதையும் வரும், யார் என்ன சேலை கட்டியிருந்தாள் என்பதோடு. சென்னையில் கதையை முன்கூட்டிச் சொன்னால் "ஸ்பாய்லர்" என்று கோபிக்கிறார்கள். எங்களுக்கு அப்படிச் சொல்வது உபகாரம். கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற பிள்ளைகள் தாய்மாரோடு கதைக்கும்போது நலம் விசாரித்து முடிந்ததும் நாடகத்துக்குத்தான் வருகிறார்கள். பிரிந்து வாழும் குடும்பங்களுக்குச் சேர்ந்து கதைக்க ஒரு பொதுவான வீடு வேண்டியிருக்கிறது. அந்த வீட்டைத் தமிழகத் தொடர்கள் தந்தன. அதற்கு நன்றி சொல்ல எங்களுக்குத் தயக்கம் இல்லை.

ஆனால் நன்றியோடு நின்றுவிடக் கூடாது. ஒரு பாத்திரத்தின் நியாயத்தை இவ்வளவு நுணுக்கமாக ஆராயும் எங்கள் தாய்மாரிடம் நூறு தொடர்களுக்குக் கதை இருக்கிறது: போரில் பிரிந்தவர்கள், வெளிநாட்டுக் கலியாணங்கள், காணி வழக்குகள், மீள்குடியேறிய வீடுகள். இலங்கையின் தமிழ் அலைவரிசைகளை நடத்துபவர்களே, வெளிநாட்டில் உழைத்து ஊருக்குப் பணம் அனுப்பும் உறவுகளே, வருடத்துக்கு ஒரு நல்ல தொடரையாவது எங்கள் பேச்சில், எங்கள் ஊரில் எடுக்கத் துணை நில்லுங்கள். பார்க்கவும் பார்த்ததைக் கதைக்கவும் நாங்கள் இருக்கிறோம்.