பதினாறு ஆண்டுகள் கழித்து வந்த விடை

பொறுமையின் பெருமையைப் பேசுதல் எளிது. அதனைக் காண்போர் உணருமாறு காட்டுதல் அரிது. அவ்வரிய பணியை நிறைவேற்றிய படைப்புகளுள் ஒன்று, செருமானிய இயக்குநர் பிலிப் குரோனிங் 2005-இல் வெளியிட்ட ‘பெரும் மௌனத்தினுள்’ என்னும் ஆவணப்படம்.

பிரான்சு நாட்டு ஆல்ப்ஸ் மலையில் உள்ளது கிராண்ட் ஷார்த்ரூஸ். புனித புரூனோ 1084-இல் தொடங்கிய கர்த்தூசியத் துறவு வாழ்வின் தாய்மடம் அது. அத்துறவியரின் வாழ்வைப் படமாக்க 1984-இல் இயக்குநர் இசைவு வேண்டினார். சிந்திக்கக் காலம் வேண்டும் என்றனர் அவர்கள். விடை வந்தபோது 16 ஆண்டுகள் கடந்திருந்தன. பின்னர் அவர் உதவியாளர் எவருமின்றி, செயற்கை ஒளியுமின்றி, ஏறத்தாழ ஆறு மாதம் மடத்திலேயே தங்கிப் படம்பிடித்தார்.

இரண்டரை மணி நேரத்திற்கும் மேல் ஓடும் இப்படத்தில் விளக்கவுரை இல்லை. பனி பெய்கிறது; ஒரு துறவி துணி வெட்டுகிறார்; மற்றொருவர் பூனைகளை அழைத்து உணவிடுகிறார்; இருண்ட கோவிலில் திருப்பாடல்கள் ஒலிக்கின்றன.

உண்மையைச் சொல்லிவிடுகிறோம். முதன்முறை பார்த்தபோது அரை மணி நேரத்திற்குள் நம் கண் கடிகாரத்தை நாடியது. படத்தை விரைவாக ஓட்டிவிடலாமா என்றும் எண்ணினோம். அப்போது ஒரு முகம் நினைவில் எழுந்தது. நாம் நற்கருணை கொண்டுசெல்லும் வீடொன்றில் படுத்த படுக்கையாயுள்ள மூதாட்டி ஒருவர், இறந்துபோன தம் மகனைப் பற்றி ஒவ்வொரு முறையும் சொல்லத் தொடங்குவார். அடுத்த வீட்டைக் காரணம் காட்டி, பாதியிலேயே நாம் எழுந்துவிடுவோம். கேட்ட கதைதானே என்று நாமே முடிவுகட்டியிருந்தோம்.

அம்முடிவையே இப்படம் அசைக்கிறது. இறுதிப் பகுதியில் கண்பார்வை இழந்த முதிய துறவி ஒருவர், அவ்விழப்பும் தம் ஆன்மாவின் நன்மைக்கே என்கிறார். தொடக்கத்திலேயே வந்திருந்தால் அது வழக்கமான பக்திமொழியாய்க் கடந்துபோயிருக்கும். இரண்டு மணி நேர மௌனத்திற்குப் பின் வருவதால் அது நெஞ்சில் தங்குகிறது. கேட்பவரைக் கேட்கத் தகுதியாக்கிய பிறகே படம் பேசுகிறது.

குறையும் உண்டு. பொறுமையின் கனியைக் காட்டும் அளவிற்கு, அதற்கான போராட்டத்தைப் படம் காட்டவில்லை. சேர்ந்து வாழ்வோரிடையே எழும் மனத்தாங்கல்கள் எங்கே? மேலும், மடத்தில் மணியொலித்தால் வேலை நிற்கும். நம் மக்களுக்கோ பேருந்தும் நிற்பதில்லை. ஆகவே இப்படத்தைக் காட்டி இல்லறத்தாரைக் கடிந்துகொள்வது அறமாகாது. பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு மருத்துவமனை வரிசையில் நிற்கும் தாய், அத்துறவியருக்குக் குறையாத பொறுமையை அறிந்தவள். கற்க வேண்டியவர்கள் நம்மைப் போன்றோரே.

அடுத்த முறை அம்மூதாட்டியின் வீட்டில் எழாமல் அமர்ந்திருந்தோம். கதையின் பின்பாதியை அன்றுதான் முதன்முறையாகக் கேட்டோம்.