பாஷோவின் வடபுலப் பயணநூல்: இரு ஊர்களும் இரு பதிவுகளும்

பயணநூல் என்பது கண்டதைக் கண்டவாறே உரைப்பது என்னும் எதிர்பார்ப்பு பரவலானது. இவ்வெதிர்பார்ப்பைச் சோதித்தறிய ஏற்ற சான்றாக ஜப்பானியக் கவிஞர் மட்சுவோ பாஷோவின் ‘ஓகு நோ ஹொசொமிச்சி’ அமைகிறது. 1689ஆம் ஆண்டு எடோ நகரிலிருந்து தம் மாணவர் சோராவுடன் புறப்பட்ட பாஷோ, ஏறத்தாழ 150 நாள்கள், 2400 கிலோமீட்டர் அளவில், பெரும்பாலும் நடந்தே வடபுலத்தின் தொலைதூர ஊர்களைக் கண்டார். அவர் 1694இல் மறைந்தார். நூல் 1702இல் அச்சேறியது. சோரா எழுதிய நாட்குறிப்போ 1943இல்தான் அறிஞருலகின் பார்வைக்கு வந்தது. இரண்டும் பல இடங்களில் முரண்படுகின்றன.

பாஷோ தேடிச் சென்றவை பெரும்பாலும் முன்னோர் பாடிய இடங்கள். ‘உதமகுரா’ எனப்படும் இவ்விடப்பெயர்கள் மரபால் உணர்வேற்றம் பெற்றவை. பாலை என்ற அளவில் பிரிவை உணரும் சங்க இலக்கிய வாசகர்க்கு இது புதிதன்று. ஆனால் அங்கு உணர்வு நிலவகைக்கு உரியது. இங்கோ தனி ஊர்ப்பெயருக்கு உரியது. எனவே இங்குக் கற்பனை செய்வோர்க்குப் பொறுப்பு மிகுதி.

ஹிராய்சுமி, 12ஆம் நூற்றாண்டில் வட ஃபுஜிவாராக்களின் தலைநகராக விளங்கிப் பின் வயலாகிப் போன ஊர். அங்குள்ள சூசோன்ஜி மடத்தில் 1124இல் எழுந்த பொன்மண்டபத்தையும் சூத்திர மண்டபத்தையும் கண்டதாகப் பாஷோ எழுதுகிறார். பின்னதில் மூன்று தலைவர்களின் உருவங்கள் இருந்தன என்கிறார். காப்பாளர் இல்லாமையால் சூத்திர மண்டபம் திறக்கப்படவில்லை என்பது சோராவின் குறிப்பு. அங்கிருந்தவையும் தலைவர்களின் உருவங்கள் அல்ல; மஞ்சுஸ்ரீ முதலிய திருமேனிகளே. எனினும் மாண்டவர் பெருமையை எண்ணி வருந்தும் அப்பகுதியின் பொருளுக்கு இம்மாற்றம் துணைசெய்கிறது. இதனால் எவருக்கும் இழப்பில்லை.

இஷினோமாக்கியின் நிலை வேறு. வழிதவறி அத்துறைமுக ஊரை அடைந்ததாகவும், எவரும் தங்க இடம் தராமையால் எளிய குடிசையொன்றில் இரவைக் கழித்ததாகவும் நூல் கூறுகிறது. நாட்குறிப்பில் வழிதவறிய செய்தி இல்லை. இஷினோமாக்கிக்கு முந்தைய யாமோட்டோவில் வீடுவீடாக வெந்நீர் கேட்டும் கிடைக்கவில்லை என்பது உண்மை. ஆனால் வாள் தரித்த வழிப்போக்கர் ஒருவர், ஐம்பத்தேழு ஐம்பத்தெட்டு வயதினர், இரங்கித் தாம் வந்த வழியே சுமார் நூறு மீட்டர் திரும்பி நடந்து, அறிந்தவர் வீட்டில் வெந்நீருக்கு ஏற்பாடு செய்தார். இஷினோமாக்கியில் தங்குவதற்குரிய வீட்டையும் சொல்லிச் சென்றார். அவ்வாறே அவ்வீட்டில் தங்கினர். அவருடைய பெயரையும் ஊரையும் சோரா கேட்டு எழுதிவைத்தார்.

மட்சுஷிமாவின் பேரழகுக்கும் ஹிராய்சுமியின் பாழ்மைக்கும் இடையே ஓர் இடர்ப்பாடு வேண்டியிருந்தது என்றும், தொடர்கவிதையின் ஏற்றஇறக்க நெறியே உரைநடையிலும் செயற்படுகிறது என்றும் பாஷோவுக்காக வாதிடலாம். அமைப்பு நோக்கில் இது ஏற்கத்தக்கதே. ஆயினும் யாமோட்டோவின் குறை இஷினோமாக்கியின் மேல் ஏற்றப்பட்டது. உதவியவர் நூலிலிருந்தே நீங்கினார். ஹிராய்சுமிக்குப் பொருந்தும் சமாதானத்தை இங்கும் அப்படியே பொருத்துவது திறனாய்வின் சோம்பல் எனலாம்.

தமிழில் இந்நூலைப் பெயர்ப்போர் இஷினோமாக்கிப் பகுதிக்கு அடிக்குறிப்பாகச் சோராவின் பதிவைச் சேர்ப்பது இன்றியமையாதது.