60-இலிருந்து 160-க்கு

லீட் கிட்டார் பழகுகிறவரிடம் எல்லோரும் சொல்லும் வழி ஒன்றுதான். ஒரு தொடரை மெட்ரோனோமில் நிமிடத்துக்கு 60 தட்டு வைத்து வாசி. பிழையில்லாமல் வந்தால் 64. அதுவும் வந்தால் 68. தட்டுக்கு நான்கு சுரமாக இப்படியே ஏறி 160-ஐத் தொட்டால் நொடிக்குப் பத்துச் சுரத்துக்கு மேல் விழும். மெட்டல் சோலோக்களில் கேட்டு வாய்பிளக்கும் வேகம் அது. சென்னையை அடுத்த தொழிற்சாலைப் பகுதியான ஒரகடத்திலோ வல்லத்திலோ நாலு பேர் பங்கிட்ட வாடகை அறையில், நைட் ஷிப்ட் முடித்தவர்கள் தூங்கிக்கொண்டிருக்க, ஹெட்போன் மாட்டிப் பழகும் ஒருவருக்கு இந்த வழி பிடித்துப்போவதில் வியப்பில்லை. கிடைப்பது அரைமணி நேரம். நேற்று எந்த எண்ணில் நிறுத்தினோம் என்று தெரிந்தால் போதும், இன்று அங்கிருந்து தொடங்கலாம்.

இந்த முறையின் பெரிய பலம் அதன் கறார். எளிய இடத்தில் ஓடி, சிக்கலான இடத்தில் தேங்கி, மொத்தத்தில் வேகமாக வாசித்துவிட்டதாக நினைத்துக்கொள்வது எல்லோருக்கும் உள்ள வழக்கம். 1815-இல் மெல்ட்சல் என்பவர் காப்புரிமை வாங்கிய மெட்ரோனோம் அதற்கு இடம் கொடுப்பதில்லை.

ஆனால் மெதுவாகச் செய்ததையே விரைவாகச் செய்தால் வேகம் வந்துவிடும் என்ற நம்பிக்கை இதற்கு அடியில் இருக்கிறது. எனக்கு மறுப்பு அங்கேதான். சோவியத் உடலியலாளர் நிகோலாய் பெர்ன்ஸ்டைன் 1920-களில் மாஸ்கோவில், சுத்தியல் அடிக்கும் தொழிலாளர்களின் கையசைவைப் படமெடுத்து ஆராய்ந்தவர். பின்னர் சக ஆய்வாளர் போபோவாவுடன் சேர்ந்து பியானோ வாசிப்பவர்களின் கையையும் ஆராய்ந்தார். 1930-இல் வெளிவந்த அந்த ஆய்வின்படி, வேகம் கூடும்போது அசைவின் வகையே மாறுகிறது. கிட்டாரில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். 60-இல் ஒவ்வொரு அடியும் தனி அடி. மணிக்கட்டு நின்று நின்று புறப்படும், பிக் தந்திக்குள் ஆழமாக இறங்கும். 150-இல் நிற்க நேரமே கிடையாது, மணிக்கட்டு ஓயாமல் ஆடவேண்டும். தந்தி மாறும் இடம் இன்னும் மோசம். கடைசி அடியில் பிக் தந்திகளுக்கு மேலே எழும்பி வெளியேறாவிட்டால் இரண்டு தந்திகளுக்கு நடுவில் மாட்டிக்கொள்ளும். மெதுவாக வாசிக்கும்போது எப்படி வேண்டுமானாலும் சுற்றிவந்து சமாளித்துவிடலாம் என்பதால் இந்தக் கோளாறு தெரியவே தெரியாது. ஏதோ ஓர் எண்ணில் கை முட்டி நின்ற பிறகு, இன்னும் மணிக்கணக்கில் பழகவில்லையே என்று தன்னையே நொந்துகொள்கிறார்கள். மாற்ற வேண்டியது அசைவு. அதைக் கண்டுபிடிக்க, நாலைந்து சுரங்களை மட்டும் எடுத்து, கொஞ்சம் சிந்தினாலும் பரவாயில்லை என்று முழு வேகத்தில் வாசித்துப் பார்க்க வேண்டும். படியேறும் முறை அதைத்தான் தடுக்கிறது.

அடுத்தது சுத்தம். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-இல் சான்ட்ரோவை வெளியே விட்ட காலத்திலிருந்து இந்தத் தொழிற்சாலைப் பக்கத்தில் டாக்ட் டைம், அதாவது லைனில் ஒரு வண்டிக்கு ஒதுக்கும் நேரம், பழகிய சொல். ஆனால் லைனில் அந்தக் கடிகாரம் மட்டும் ஓடுவதில்லை, ஒவ்வொரு ஸ்டேஷனிலும் சோதனையும் உண்டு. மெட்ரோனோமிடம் இருப்பது கடிகாரம் மட்டும்தான். வாசிக்காத தந்தி முனகுவது அதற்குக் கேட்காது. டிஸ்டார்ஷன் போட்டால் அந்த முனகல் பெரிதாகும், ஆனால் வலுவில்லாத அடியும் வலுவான அடியும் ஒரே அளவில் ஒலிக்கும். டிஸ்டார்ஷனை எடுத்துவிட்டால் அடியின் ஏற்றத்தாழ்வு அம்பலமாகும், முனகல் ஒளிந்துகொள்ளும். ஆகவே இரண்டிலும் வாசித்து, போனில் பதிந்து, பாதி வேகத்தில் ஓட்டிக் கேட்டால்தான் உண்மை தெரியும். இதைச் செய்கிறவர்கள் குறைவு. கேட்கச் சங்கடமாக இருக்கும், அதுதான் காரணம்.

வேகம் பழக நம் கர்நாடக இசையில் வேறொரு முறை உண்டு. தொடக்கப் பாடமான சரளி வரிசையை மூன்று காலத்தில் பாடும்போது தாளம் நகர்வதில்லை. அட்சரத்துக்கு ஒன்று, இரண்டு, நான்கு என்று சுரம் மட்டும் பெருகுகிறது. மாணவர் முதல் வாரத்திலேயே வேகத்தைத் தொட்டுப் பார்த்துவிடுகிறார். இதற்கும் குறையுண்டு. இரட்டிப்பு என்பது பெரிய தாவல். மூன்றாம் காலத்தில் சுரங்கள் ஒன்றையொன்று விழுங்கினாலும் தாளம் சரியாக முடிந்தால் கைதட்டல் கிடைத்துவிடும். பிக்கை எப்படிப் பிடிப்பது என்றும் அது சொல்லித்தராது. மாண்டலின் ஸ்ரீநிவாஸின் (1969–2014) வேகம் வந்த விதம் இங்கே கவனிக்கத்தக்கது. அவருடைய குரு ருத்ரராஜு சுப்பராஜுவுக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் பாடுவார், சிறுவன் அதைக் கேட்டு ஐந்து தந்தி மின்மாண்டலினில் கொண்டுவருவான். கை தேடியது ஒரு பாடற்சங்கதியை, எண்ணை அல்ல. ராணிப்பேட்டையைச் சேர்ந்த பிரசன்னா கிட்டாரில் கர்நாடக இசை வாசிக்கையிலும், வேலையில் பெரும்பங்கு இடக்கையின் வழுக்கலுக்கும் இழுப்புக்கும் போகிறது. எல்லாச் சுரத்தையும் பிக்கால் அடித்தே தீரவேண்டும் என்ற பிடிவாதம் அங்கில்லை.

1990-இல் அமெரிக்க இதழொன்றில் ராக் கிட்டார் கலைஞர் ஸ்டீவ் வாயின் பத்து மணிநேரப் பயிற்சித் திட்டம் வந்தது. இன்றும் அதைப் பிரதியெடுத்து ஆசைப்படுகிறவர்கள் உண்டு. எட்டு மணிநேரம் போல்ட் முறுக்கும் கருவியைப் பிடித்த முன்கைக்கு அதில் ஒரு மணிநேரமே அதிகம். அந்தக் கை ஏற்கெனவே இறுகியிருக்கும். இறுக்கம்தான் வேகத்துக்கு முதல் எதிரி. அரைமணி உள்ளவருக்கு என் கணக்கு இது: பாதி நேரம் சிறு துண்டுகளை முழு வேகத்தில், இடையிடையே கையைத் தொங்கவிட்டு. மீதி, பிடித்த ஒரு சோலோவின் இரண்டு வரியை வாயால் பாடி, பிறகு வாசித்து. மெட்ரோனோமை வாரத்துக்கு ஒருமுறை, ஓய்வு நாளில், சோதித்துப் பார்க்க மட்டும் எடுத்தால் போதும். மணிக்கட்டு வலிக்கிற அன்று கிட்டார் உறையிலேயே இருக்கட்டும்.